குறியிடாத கட்டம்

அப்பா ஐயாவுவின் பதினாறாம் நாள் கருமாதி முடிந்த மறுநாள் காலை, செமோர் வீட்டு ஹாலில் உட்கார்ந்து பவித்ரன் பை அடுக்கிக்கொண்டிருந்தான். விடிந்தால் அமன்ஜெயா பஸ் நிலையத்தில் பஸ் ஏறி கோலாலம்பூர் விமான நிலையம் போக வேண்டும். அங்கிருந்து ஒசாக்கா. எதையும் பட்டியல் போட்டுச் செய்கிறவன் அவன். பட்டியல் போட்ட பிறகும், எதையோ விட்டுவிட்டோம் என்று இரண்டு தடவை தேடுகிறவன்.

அக்காள் கலாதேவியின் கணவர் சுகுமாரன் நாசி லெமாக் பொட்டலத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பயணத்துக்கு எடுத்து வைத்திருந்த அவன் கடப்பிதழை எடுத்துப் புரட்டினார். உள்ளிருந்து ஓர் அடையாள அட்டை நழுவித் தரையில் விழுந்தது.

“இதான் ஒன் ஜப்பான் ஐசியா மச்சான்? மாட்டிக்க வசதியா ஓட்டை போட்டே குடுத்துட்டானா? கெட்டிக்காரன்லா ஜப்பான்காரன்.”

“அதுல ஓட்டையெல்லாம் கெடையாது மாமா.”

“இல்லையா? அப்ப ஒன்ன எது வழியா பாக்குறேன் நான்?”

அட்டையைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, அந்த ஓட்டை வழியாக அவனைப் பார்த்துச் சிரித்தார் சுகுமாரன்.

பவித்ரன் அதைப் பிடுங்கினான். ஓட்டைதான். ஓரம் பிசிறில்லாமல், வட்டமாக. யாரோ கருவி வைத்துக் குத்தியது.

அந்த வசிப்பு அனுமதி அட்டை செல்லும்வரைதான் ஒசாக்காவில் அவன் குடியிருப்பவன். ஐந்து வருடம். வெளிநாட்டுக்காரருக்கு வாடகைக்கு விடுவதில்லை என்று ஒன்பது வீடு கைவிரித்தது. பத்தாவது வீட்டுக்கு, தொழிற்சாலை மேற்பார்வையாளர் நாக்கானிஷி தாமே ஜாமீன் கையெழுத்துப் போட்டார். இக்குனோ வட்டார அலுவலகத்தில் பெயரைப் பதிந்து, மாடிப்படி பெருக்குவதில் தன் முறைக்குத் தவறாமல் பெருக்கினான். போன மாதம்தான் கீழ்வீட்டு அம்மாள், வேலை முடிந்து வந்தவனைப் பார்த்து, “வந்துட்டீங்களா?” என்று முதன்முதலாகக் கேட்டாள். அன்று இரவு அவன் அதை வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லியிருந்தான்.

இப்படி ஓட்டை போட்டுச் செல்லாததாக்கிய அட்டையை அவன் ஒரு முறை பார்த்திருக்கிறான். வேலையை விட்டு ஒரேயடியாக ஊருக்குப் போன வியட்நாம்காரன் ஒருவன், ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளப் போவதாக அதைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான்.

“என்னாடா ஆச்சு? ஏன் இப்டி வேர்க்குது?” என்றாள் உள்ளே வந்த கலாதேவி.

அவனுக்கு எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. அப்பா போன சேதி வந்த அன்று போனில் அத்தை நல்லம்மாள் அழுகைக்கு நடுவே சொன்னார்: “சாவுக்குக் கெளம்புற. போயிட்டு வாரேன்னு யார்கிட்டயும் சொல்லிப்புடாத. சொன்னா இன்னொரு சாவு கூப்புடும். வீட்டுல ஒங்கம்மா சக்கரையும் இருதயமுமா கெடக்குறா.”

ஒசாக்கா விமான நிலையத்தில், நாட்டை விட்டு வெளியேறும்போது நிரப்பித் தரும் சீட்டு. ‘தற்காலிகமாகச் செல்கிறேன், திரும்பி வருவேன்’ என்று ஒரு வரி, பக்கத்தில் ஒரு கட்டம். ஒவ்வொரு தடவையும் முதலில் அதில்தான் குறி போடுவான். அன்று பேனா அந்தக் கட்டத்தின் மேல் நின்றது. அம்மாவின் முகம் வந்தது. விட்டுவிட்டான். குடிநுழைவு அதிகாரி நிமிர்ந்து, “திரும்பி வருவீர்களா?” என்று கேட்டார். “இல்லை” என்றான். அவர் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி மறுபடி கேட்டார். அப்போதும் “இல்லை.” சடக்கென்று ஒரு சத்தம் கேட்டது. முத்திரை என்று நினைத்துக் கடப்பிதழைத் திறக்காமலே பைக்குள் போட்டுக்கொண்டான். தூக்கமில்லாத கண்ணும் அழுத முகமுமாக, வாயால் சொல்லாமல் இருந்தால் போதும், மற்றதெல்லாம் தாளில் எங்கேயாவது இருக்கும் என்று அப்போது நினைத்தானோ என்னவோ. இப்போது யோசித்தால் எதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை.

நாக்கானிஷியை அழைத்தான். விஷயத்தைக் கேட்டதும் அவர் “ஏஏ?” என்று நீளமாக இழுத்தார்.

“ஏன் இல்லை என்றீர்கள்?”

தெரிந்த ஜப்பானிய மொழியில் அத்தை சொன்னதைச் சொன்னான். சொல்லும்போதே அவனுக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. ஆனால் அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை.

“நாங்களும் சாவு வீட்டில் ‘மறுபடியும்’ என்ற சொல்லைச் சொல்ல மாட்டோம்,” என்றார் நாக்கானிஷி. “எனக்குப் புரிகிறது, பவித்ரன்-சான். ஆனால் குடிநுழைவு அலுவலகத்தில் இதைச் சொல்லி ஒன்றும் ஆகாது. விசாரித்துவிட்டு அழைக்கிறேன்.”

சமையலறையிலிருந்து நல்லம்மாள் அத்தை ஈரக்கையோடு வந்தார். “என்னாடா, மறுபடி எழவு விழுந்த மாதிரி ஒக்காந்திருக்கீங்க?”

“எல்லாம் நீங்க சொன்ன வேலதான் அத்த!” என்று கலாதேவி வெடித்தாள். “திரும்பி வரமாட்டேன்னு சொல்லிட்டு வந்திருக்கான். ஐசிய ஓட்ட போட்டுட்டான்!”

அத்தை அட்டையை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாய் திறந்தபடி இருந்தது.

“டேய், கூட்டாளிங்க, அக்கம்பக்கம், அவங்ககிட்ட சொல்ல வேணாம்னேன்டா. ஏர்போர்ட்டுக்காரன்கிட்டயா? அவன் என்னா நமக்குப் பங்காளியா, அவன்கிட்ட சொன்னா தோஷம் வர்றதுக்கு?”

இப்படி ஒரு விதிவிலக்கு இருக்கும் என்று பவித்ரனுக்குத் தோன்றவேயில்லை. சுகுமாரன் சிரிக்கப் பார்த்தார், கலாதேவி முறைத்ததும் சோற்றுப் பொட்டலத்தை மடித்து ஓரமாக வைத்தார்.

“சும்மா டூரிஸ்டு மாதிரி போயிட்டா என்னா மச்சான்?”

அதையேதான் அவனும், பதினொரு மணிக்கு நாக்கானிஷி திரும்ப அழைத்தபோது கேட்டான்.

“வேண்டாம். இந்த நேரத்தில் அப்படி வந்தால் வாசலிலேயே கேள்வி வரும், புது விண்ணப்பமும் கெட்டுவிடும் என்கிறார் எங்கள் விசா முகவர். முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். மூன்று மாதம் ஆகலாம், கூடவும் ஆகலாம். முதலாளி தாள்களில் கையெழுத்துப் போடச் சம்மதித்துவிட்டார். ஆனால் அதுவரை உங்கள் இடத்தைக் காலியாக வைத்திருப்பதாக அவர் வாக்குக் கொடுக்கவில்லை. நானும் கொடுக்க முடியாது.”

“சரி.”

“வீட்டுக்காரரிடமும் பேசிவிட்டேன். வசிப்பு அனுமதி இல்லாதவர் பெயரில் ஒப்பந்தம் நிற்காது என்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவர் கதவைத் திறந்துவிடுவார். நானும் மனைவியும் போகிறோம். உங்கள் பொருள்களை எங்கள் வீட்டில் வைத்துக்கொள்கிறோம். குளிர்பெட்டியில் என்ன இருக்கிறது?”

பவித்ரன் கண்ணை மூடிக்கொண்டு அதைத் திறந்து பார்த்தான். “முட்டை நாலு. பாதி வெங்காயம். ஒரு டப்பாவில் மாவு. அரிசி மாவு, புளித்திருக்கும். பதினேழு நாள் ஆகிவிட்டது, மூடியை மெதுவாகத் திறங்கள். டப்பாவைக் கழுவி பிளாஸ்டிக் குப்பையில் போட வேண்டும், அதை எடுப்பது வெள்ளிக்கிழமை. பாட்டிலுக்கு மூடியைத் தனியாக...”

“பவித்ரன்-சான்,” என்றார் நாக்கானிஷி தணிந்த குரலில், “நான் இந்த ஊரில் பிறந்தவன்.”

“ஆமாம். மன்னிக்க வேண்டும்.”

போன் அணைந்தது. மூன்று பேரும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்கவில்லை.

“என்னாவாம்டா?” என்றார் அத்தை.

“ஞாயித்துக்கெழம,” என்றான் பவித்ரன், “என் வீட்ட காலி பண்றாங்க அத்த.”