ஒரு வாய்க்கு ஒரு மடக்கு

என் கணவர் ரொட்டி சுடுகிறவர். ஊருக்கெல்லாம் ரொட்டி போடுகிற மனிதர், தான் ஒரு துண்டு தின்று முடிப்பதற்குள் எனக்குப் பாதி ஆயுள் போய்விடும். பொடிப்பொடியாகப் பிய்த்து, கூழாக மென்று, ஒரு வாய்க்கு ஒரு மடக்குத் தண்ணீர். என் தம்பி அவருக்கு வைத்த பெயர் தண்ணி லாரி.

ஒருநாள் கடையில் ருசி பார்த்த ரொட்டி நெஞ்சுக்குள் சிக்கி, மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு எடுத்தார்கள். உணவுக்குழாயில் ஒவ்வாமை, பல வருஷமாக வீங்கிக் குறுகியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. இவர் மென்றதும் குடித்ததும் அதைச் சமாளிக்கத்தானாம். எனக்கு அழுகை வந்தது. இவருக்கோ, தான் சோம்பேறி இல்லை என்று தெரிந்ததில் ஒரே பெருமை.

தினமும் விழுங்கக் குழம்பு மாதிரி ஒரு மருந்து தந்தார். அது கேட்காவிட்டால் பாலையும் கோதுமையையும் நிறுத்திப் பார்க்க வேண்டும். ருசி பார்க்காமல் ஒரு ரொட்டியைக்கூட விற்பனைக்கு வைக்காதவரிடம் இதைச் சொன்னால் எப்படி? மனிதர் ஒரு வேளை மருந்தைக்கூடத் தவறவிடவில்லை.

மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார்கள். வீக்கம் துளியும் குறையவில்லை. இவர் முகம் தொங்கிப்போயிற்று.

"ஒழுங்காத்தான் சாப்பிட்டீங்களா?"

"இவளையே கேளுங்க, டாக்டர்."

"எப்படிச் சாப்பிடுவீங்கன்னு செஞ்சு காட்டுங்க."

இவர் இல்லாத கரண்டியை வாயில் வைத்தார், விழுங்கினார். உடனே மேஜைமேல் இருந்த டாக்டரம்மாவின் தண்ணீர் பாட்டிலை எடுத்து மடக் மடக்கென்று பாதியைக் காலி செய்தார்.

"தண்ணி எதுக்குங்க?"

"எது முழுங்கினாலும் குடிப்பேனே."

"இது வயித்துக்கான மருந்து இல்ல, போற வழிக்கான மருந்து. அங்கேயே ஒட்டிக்கிட்டு நிக்கணும். நீங்க தினமும் கழுவி விட்டிருக்கீங்க. வாயை மட்டும் கொப்பளிச்சுத் துப்பிட்டு, அரை மணி நேரம் ஒண்ணும் எடுத்துக்கக் கூடாதுன்னு சொன்னேனே."

"சாப்பாட்டைச் சொல்றீங்கன்னு நெனச்சேன். தண்ணியுமா கணக்கு?"

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. டாக்டரம்மாவும் சிரித்துவிட்டு, கோதுமையை இப்போதைக்கு விட்டுவைத்தார்.

அன்றுமுதல் வீட்டுத் தண்ணீருக்கு நான்தான் காவல். மருந்து விழுங்கியவர் சமையலறைப் பக்கம் தலைகாட்டினாலே, "எங்க கெளம்பிட்டீங்க?" என்பேன். "கொப்பளிக்கத்தான்டி," என்று முறைப்பார். துப்புகிறாரா என்று நின்று பார்ப்பேன்.

அடுத்த சோதனையின் முடிவு வந்தது. "நல்லா ஆறியிருக்கு. இது விட்டுப் போற நோய் இல்ல, மருந்தை நிறுத்திடாதீங்க. ஆனா ரொட்டியைத் தாராளமா சாப்பிடுங்க," என்றார் டாக்டரம்மா.

அன்று என் தம்பியும் சாப்பிட வந்திருந்தான். இவர் வெண்ணெய் தடவிக் கடித்தார், மென்றார், விழுங்கினார். நடுவில் தம்பியை வம்புக்கு இழுத்தார். என் தட்டில் இருந்ததையும் பிய்த்துக்கொண்டார். எனக்கு முன்னால் முடித்துவிட்டுக் கைகழுவப் போனார்.

மேஜையைத் துடைக்க எழுந்தேன். அவருடைய டம்ளர், நான் ஊற்றிவைத்தபடியே விளிம்புவரை நிறைந்திருந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அந்தத் தண்ணீரை எடுத்து நானே மடக் மடக்கென்று குடித்தேன்.