தெருவெல்லாம் சொன்ன கதை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஓட்டுக் கேட்டு வந்த ஒருவரிடமிருந்து.

பிற்பகல். மணி அடித்தது. கதவைத் திறந்தால் கழுத்தில் கட்சி அட்டை, கையில் ஒரு கட்டுத் துண்டறிக்கை, ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. "வணக்கம் சார், ரெண்டே நிமிஷம்" என்றார். "உள்ள வாங்க, உக்காருங்க" என்றேன். அவர் திகைத்துப்போனார். நிற்க வைத்தே பேசி அனுப்புகிறவர்களையும், பேசாமலே கதவைச் சாத்துகிறவர்களையும் சமாளிக்கத்தான் அவருக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்களாம். நாற்காலியை இழுத்துப் போடுகிறவனை என்ன செய்வதென்று யாரும் சொல்லவில்லை.

அரசியல் ஆர்வத்தில் நான் அவரைக் கூப்பிடவில்லை. என் வீட்டு மணியை அடிப்பவர்கள் மின்சார மீட்டர் பார்ப்பவரும், பக்கத்து வீட்டுப் பார்சலை என்னிடம் நீட்டுபவரும்தான். அன்று காலையிலிருந்து நான் வாய் திறந்து சொன்னது ஒரே ஒரு சொல். அதுவும் பால் பொங்கி வழிந்தபோது, பாலைப் பார்த்து.

அவர் நகரப் பேருந்து ஓட்டுபவர். தேர்தலுக்காக விடுப்பு போட்டுவிட்டுக் கட்சி வேலை பார்த்தார். பணிமனையில் அவரை 'டிரைவரம்மா' என்பார்களாம். நானும் அப்படியே எழுதுகிறேன்.

2

எப்படித் தொடங்குவதென்று பல நாள் இழுபறி. கிழித்துப் போட்டவற்றில் இரண்டு:

"மருத்துவமனையின் நீண்ட தாழ்வாரத்தில் ஒரே ஒரு விளக்கு மட்டும்" (கதைகளில் வரும் மருத்துவமனைகளில் எப்போதும் ஒரு விளக்குதான் எரிகிறது. விட்டுவிட்டேன்.)

"மக்களை இரண்டாகப் பிளக்கும் ஒரு விஷயத்தை ஒரு கட்சி வாக்காளரிடம் எப்படிக் கொண்டுபோக வேண்டும்?" (இது கதையா, தலையங்கமா? ஆனால் இதைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்கிறேன்.)

விஷயம் இதுதான். இனிப் பிழைக்க வழியில்லை என்று கைவிடப்பட்ட நோயாளி, "போதும், என்னை அனுப்பிவிடுங்கள்" என்று தெளிந்த மனதோடு கேட்டால், மருத்துவர் அதற்கு உதவலாம். அப்படி ஒரு சட்டம் கொண்டுவருவோம் என்று டிரைவரம்மாவின் கட்சி வாக்குக் கொடுத்திருந்தது. கருணை என்றார்கள் பாதிப் பேர். கொலை என்றார்கள் மீதிப் பேர். ஒரே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்ட குடும்பங்கள் உண்டு.

இந்த மாதிரி விஷயங்களில் கட்சிகள் வழக்கமாகச் செய்வது எல்லோருக்கும் தெரியும். கேட்டால் மழுப்புவார்கள். இல்லையென்றால் இந்தத் தெருவில் ஒன்று, அடுத்த தெருவில் ஒன்று சொல்வார்கள். துணிந்தவர்கள் மேடையேறி, ஒத்துக்கொள்ளாதவனுக்கெல்லாம் இதயமே இல்லை என்று முழங்குவார்கள். இந்தக் கட்சி வேறொரு வழி பார்த்தது. வாதாட வேண்டாம், உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள் என்று தன் ஆட்களை அனுப்பியது.

நல்ல வழி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதுதான் இந்தக் கதையை எழுதுவதில் உள்ள சங்கடம்.

3

பயிற்சி கொடுத்தவருக்கு 'மெதுவா சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். எதைச் சொன்னாலும் முடிவில் "மெதுவா" என்பாராம். முன்பு தொழிற்சாலைத் தகராறுகளில் இரு தரப்புக்கும் நடுவே உட்கார்ந்து சமரசம் பேசியவர்.

"வாதத்துல ஜெயிச்சீங்கன்னா ஓட்டும் போயிடும், மனுஷனும் போயிடுவாரு" என்றார் அவர். "முதல்ல கேளுங்க. அவங்க வீட்ல யாராவது அப்படிப் படுக்கையில கிடந்தாங்களான்னு கேளுங்க. சொல்ற வரைக்கும் குறுக்க பேசாதீங்க. அப்புறம் உங்க வீட்டு விஷயத்தைச் சொல்லுங்க. மெதுவா."

"எங்க வீட்ல எதுவும் நடக்கலையே சார்" என்றது ஒரு குரல்.

"அப்ப கேட்டுட்டு மட்டும் வாங்க. கதை கட்டாதீங்க."

[முதல் வரைவில் இவரை நரியாக்கியிருந்தேன். "அவருடைய புன்னகையில் ஒரு வியாபாரியின்" என்று தொடங்கும் வாக்கியம் ஒன்று இருந்தது. பழி போட ஒருவர் இருந்தால் எழுதுகிறவனுக்கு வேலை குறையும். ஆனால் டிரைவரம்மா அவரைப் பற்றிச் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட அந்த வாக்கியத்தோடு ஒட்டவைக்க முடியவில்லை. அடித்துவிட்டேன். அவர் நல்ல மனிதர். நல்ல மனிதர்களை வைத்துக்கொண்டே இது நடந்தது.]

டிரைவரம்மாவின் வீட்டில் நடந்திருந்தது.

4

அவருடைய கணவர் மின்தூக்கி பழுதுபார்ப்பவர். நோய் வந்தபோது முதலில் போனது குரலின் பலம், பிறகு கால்கள். கடைசியில் மூக்கில் ஒரு குழாய், கையில் ஒரு குழாய். ஒரே மகள், கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்பவள். அப்பாவின் செல்லம். மருத்துவர் எந்தச் சிகிச்சையைச் சொன்னாலும், "பண்ணுங்க டாக்டர், எதையும் விடாதீங்க" என்று மல்லுக்கு நின்றவள் அவள்தான்.

ஒரு நாள் மகள் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போயிருந்தாள். கணவர் டிரைவரம்மாவின் விரலைப் பிடித்து இழுத்தார். குனிந்தார் இவர்.

"போதும். விடச் சொல்லு."

எனக்குச் சொல்லும்போது டிரைவரம்மாவின் கண்களில் நீர்— இல்லை. அவர் அழவில்லை. நான் ஏன் அப்படி எழுத வந்தேன்? அவர் துண்டறிக்கைக் கட்டின் ரப்பரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. மருத்துவரிடமும் சொல்லவில்லை, மகளிடமும் சொல்லவில்லை. மகள் திரும்பி வந்து, "அப்பா இன்னிக்குத் தெளிவா இருக்காரும்மா" என்று போர்வையைச் சரிசெய்தாள். கணவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகும் பல வாரம் உயிரோடிருந்தார். மறுபடி அவர் கேட்கவில்லை.

"சொல்லியிருந்தா அவ தாங்கியிருக்க மாட்டா சார். தன்னாலதான் அப்பா கஷ்டப்பட்டாருன்னு காலம் பூரா நினைச்சுக்குவா. அதான் முழுங்கிட்டேன்."

5

முதன்முதலாக அவர் இதைச் சொன்னது, துண்டறிக்கையை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது கொலைகாரச் சட்டம்மா" என்று திருப்பி நீட்டிய ஒரு தச்சரிடம்.

டிரைவரம்மா கேட்டார், "உங்க வீட்ல யாராவது படுக்கையில இருந்தாங்களாண்ணே?"

தச்சர் கதவைச் சாத்தப் போனவர், பாதியில் நிறுத்தினார். தம்பி என்றார். கொஞ்சம் பேசினார். பிறகு, "உங்களுக்கு?" என்றார். இவர் வாயிலிருந்து எல்லாம் வந்துவிட்டது. தச்சர் துண்டறிக்கையை மறுபடி வாங்கி, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

கீழே இறங்கிப் படிக்கட்டில் உட்கார்ந்தபோது டிரைவரம்மாவுக்கு நெஞ்சில் இருந்த கல்லை யாரோ தூக்கி ஓரமாக வைத்த மாதிரி இருந்ததாம். வீட்டில் கேட்க ஆளில்லை. மகளோ கேட்கக் கூடாதவள். இங்கே தெரு முழுக்கக் காதுகள்.

அடுத்த வாசலிலும் சொன்னார். அதற்கடுத்ததிலும்.

சொல்லச் சொல்ல கதை தேறியது. எந்த இடத்தில் நிறுத்தினால் எதிரே இருப்பவர் மூச்சை இழுத்துப் பிடிப்பார் என்று தெரிந்துவிட்டது. (இது என் தொழில். அவர் சொல்லும்போதே எனக்குப் புரிந்தது.) ஒரு வீட்டில் ஒரு பெண் கேட்டாள்: "உங்க வீட்ல வேற யாரும் இல்லையா?" அதுவரை மகளைக் கதைக்குள் கொண்டுவராமல் பார்த்துக்கொண்டவர் அன்று சொல்லிவிட்டார்: "ஒரு பொண்ணு இருக்கா. அவர் போகணும்னு கேட்டாரு. பொண்ணு விடல."

அந்தப் பெண் அழுதுவிட்டாள். அந்த வரி கதையிலேயே தங்கிவிட்டது.

அது உண்மைகூட இல்லை. மகளிடம் யாரும் கேட்கவே இல்லையே. ஆனால் "பொண்ணு விடல" என்பது ஒரு மூச்சில் சொல்ல வருகிறது. "பொண்ணுகிட்ட நான் சொல்லவே இல்ல" என்றால் விளக்க வேண்டியிருக்கும்.

"அப்புறம் ஒண்ணு ஆச்சு சார். வீட்டுக்கு வந்து படுத்தா முன்னெல்லாம் அவரு முகம் வரும். அதுக்கப்புறம் வரல. நான் சொல்ற வாக்கியந்தான் வந்துச்சு. அவரைக் கொஞ்சம் கொஞ்சமா வாசல் வாசலா குடுத்துட்டு வந்துட்டேன் போல."

கட்சிக்கு மட்டும் மகிழ்ச்சி. அவர் போன தெருக்களில் மனம் மாறியவர்கள் அதிகம். மெதுவா சார் அவரைப் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார்.

6

இந்தப் பகுதியை நான் இட்டுக்கட்டியிருக்கிறேன். டிரைவரம்மாவும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. மகள் பிறகு சொன்னது, "கண் டெஸ்டுக்கு வந்தவங்க சொன்னாங்க" என்று மட்டும்தான்.

இருட்டாக்கிய சின்ன அறை. ஒரு பெண் கனத்த கண்ணாடிச் சட்டத்தை மூக்கில் மாட்டிக்கொண்டு சுவரில் எழுத்துகளைப் படிக்கிறாள். மகள் வில்லைகளை மாற்றிப் போடுகிறாள். "இது தெளிவா இருக்கா, இதுவா?" இடையில் அந்தப் பெண்ணுக்குப் பேச்சு. தேர்தல், அந்தச் சட்டம், வீட்டுக்கு வந்த ஒரு அம்மா.

"பஸ் ஓட்டுறவங்களாம். புருஷன் போகணும்னு கேட்டிருக்காரு, பாவம். பெத்த பொண்ணு விடலையாம். எப்படித்தான் மனசு வந்துச்சோ."

மகள் அடுத்த வில்லையைப் போடுகிறாள். "இது?"

"இது கொஞ்சம் மங்கலா இருக்கு."

"இது?"

(அவள் பரிசோதனையை முடித்திருப்பாள் என்றே எழுதுகிறேன். தன் அம்மாவின் மகள்தானே. நடுவழியில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போகிறவர்கள் அந்த வீட்டில் கிடையாது.)

7

பயிற்சி, கட்சி அலுவலகத்தின் மாடியில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், கரகரத்த ஒரு மைக். டிரைவரம்மா எழுந்து கதையைத் தொடங்கினார். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினார். "பொண்ணு விடல" என்ற வரிக்கு வந்தபோதுதான் கடைசி வரிசையில் கடைச் சீருடையோடு உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தார். வாய் நிற்கவில்லை. பழகிய சாலையில் கால் தானாகவே மிதிக்கிற மாதிரி, கதை தானாக முடிவு வரை போய்ச் சேர்ந்தது.

கைதட்டினார்கள்.

"யாருக்காவது கேள்வி?" என்றார் மெதுவா சார்.

மகள் கையைத் தூக்கினாள். எழுந்தாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட இதை எப்பச் சொன்னீங்க?"

"நல்ல கேள்வி" என்றார் மெதுவா சார். எல்லோரையும் பார்த்து, "வாசல்லயும் இதைக் கேப்பாங்க. என்ன பதில் சொல்றாங்கன்னு கவனிங்க" என்றார். பிறகுதான் அவர் மகளின் முகத்தைப் பார்த்தார். அப்படியே மேடையில் நின்றிருந்தவரின் முகத்தையும் பார்த்தார். இரண்டும் ஒரே மோவாய். அவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம்.

8

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் அம்மா இறங்கி ஓடிவந்து மகளைக் கட்டிக்கொள்கிறார். (எத்தனை நாற்காலிகளைத் தாண்டி வர வேண்டும் என்று யோசித்தால் சிரிப்பு வருகிறது.)

இன்னொன்றில், மகள் பதிலுக்குக் காத்திராமல் படியிறங்கிப் போகிறாள். கீழே பேருந்து நிறுத்தத்தில்— (இதோடு நிறுத்திவிட்டேன்.)

மூன்றாவதில் அம்மா, "அன்னிக்கே சொல்லிட்டேன்" என்று சபையில் பொய் சொல்கிறார். மகள் ஒரு கணம் பார்த்துவிட்டு, "சரி" என்று உட்கார்ந்துவிடுகிறாள், அம்மாவின் மானத்தைக் காப்பாற்ற. இது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததாலேயே சந்தேகம் வந்தது.

மூன்றும் நடக்கவில்லை. நடந்தது எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகானதைச் சொல்லலாம். மறுநாள் மெதுவா சார் டிரைவரம்மாவின் வீட்டுக்கு வந்தார். போகும்போது, "நான்தான் கேட்டிருக்கணும்மா" என்றார். அன்றிலிருந்து பயிற்சியில் ஒரு வரி கூடியது: "உங்க கதையில வேற யாராவது இருந்தா, முதல்ல அவங்க வாசலுக்குப் போங்க." டிரைவரம்மா மறுபடி தெருவுக்கு வந்தார், சட்டம் வேண்டும் என்பதில் அவருக்கு மாற்றமில்லை. ஆனால் கதையைச் சொல்வதில்லை. கேட்பதோடு சரி. மகள் ஒரே ஒருமுறை வீட்டுக்கு வந்தாள். "அப்பாவோட கண்ணாடி எங்க?" என்று கேட்டு, எடுத்துக்கொண்டு போனாள். எதற்கென்று இவர் கேட்கவில்லை.

தேர்தல் முடிந்தது. கட்சி ஜெயித்தது. சட்டத்தை ஒரு குழு ஆராய்ந்துகொண்டிருக்கிறது.

9

"கதையைச் சொல்றதில்லன்னீங்க. எங்கிட்ட மட்டும் ஏன் சொன்னீங்க?" என்று, அவர் ஓட்டுக் கேட்டு வந்த அன்றே கேட்டேன்.

"நீங்கதான் முதல்லயே சொல்லிட்டீங்களே, சட்டத்துக்கு ஆதரவுன்னு. உங்ககிட்ட சொன்னா எதுவும் மாறப்போறதில்ல. அதான் சொல்லத் தோணுச்சு."

தேநீர் ஆறியிருந்தது. அவர் எழுந்தார். இன்னும் கொஞ்சம் உட்காரச் சொல்ல ஒரு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை.

"எழுதுறவன்மா நான்" என்றேன். "இதை எழுதிக்கலாமா?"

வாசலில் நின்று யோசித்தார். நான் அவரிடம் கேட்டுவிட்டேன். மகளிடம் யார் கேட்பது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை, அவருக்குத் தோன்றியது.

"அவளைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார்.

சில மாதங்கள் கழித்து, ஒரு மழைநாளில், சீருடையோடு வந்து மணி அடித்தார். உள்ளே வரவில்லை, பணிக்கு நேரமாகிவிட்டதாம். "எழுதிக்கச் சொன்னா. ஒண்ணே ஒண்ணு. அன்னிக்கு மாடியில நான் அவளுக்குச் சொன்ன பதிலை மட்டும் எழுத வேணாமாம். அது அவளுதாம்."

ஆகவே வாசகரே, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது காதில் விழுந்திருக்கும். அவர்களைத் தேடிப் போகாதீர்கள். உங்களுக்கு ஒரு பதில் வேண்டுமென்றால், உங்களிடம் யார் அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். என்னால் கொண்டுவந்து விட முடிகிற இடம் இதுதான்: கடைசி வரிசையில் மகள் நிற்கிறாள். எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். டிரைவரம்மா மைக்கை அணைத்து மேசைமேல் வைத்துவிட்டு, மகளை மட்டும் பார்த்து,