நாலாவது ஸ்க்ரூ

கம்பளத்தில் குப்பையை உறிஞ்சும் வாக்குவம் மெஷின் உறுமிக்கொண்டுதான் இருந்தது. அடியில் இருக்கும் பிரஷ் உருளை மட்டும் சுற்றவில்லை. ரப்பர் கருகும் நாற்றம் ஓட்டல் ஹால் முழுக்கப் பரவியது. என் நாத்தனார் கைப்பிடியை விட்டுவிட்டுத் தள்ளி நின்றாள்.

"நான் ஒண்ணும் பண்ணல அண்ணி. அதுவா நின்னுடுச்சு."

"சொல்லாம கொள்ளாம நின்னுபோக அது என்ன உன் புருஷனா? பிளக்கைப் பிடுங்கு."

அவளுக்கு இங்கே கூட்டித் துடைக்கும் வேலையில் இது மூன்றாம் நாள். பத்து மணிக்கு சூப்பர்வைசர் வந்து பார்த்துவிட்டு, வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று சொல்வார். நான் வேலை பார்க்கும் இடம் என்பதால் நான்தான் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்துவிட்டேன். பாசத்தால் இல்லை. புருஷனை விட்டு வந்தவள் ஐந்து மாதமாக எங்கள் ஒரே அறையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். நானும் அவள் அண்ணனும் அடுப்படியில் முழங்காலை மடக்கிக்கொண்டு தூங்குகிறோம். வேலை நிலைத்தால் தனியாக ஓர் அறை பார்த்துக்கொள்வாள். வேலை போனால், என் முழங்கால் நிமிராது.

மெஷினைக் கவிழ்த்தேன். நாலு ஸ்க்ரூ. மூடியைக் கழற்றினால், உருளையில் தலைமுடியும் திரைச்சீலைக் குஞ்சமும் கயிறாக முறுக்கிக் கிடந்தன. குஞ்சத்தின் மேலேயே ஓட்டியிருக்கிறாள். கத்தரிக்கோலால் அறுத்து அறுத்து இழுத்ததில் விரலிடுக்கு கிழிந்தது. உருளை விடுபட்டது. ஆனால் பெல்ட் அறுந்திருந்தது. ஸ்டோரில் புதுசு கேட்டால் யார் கையில் உடைந்தது என்று எழுதிக்கொள்வார்கள். மாடிப்படிக்குக் கீழே செத்துப்போன மெஷின் ஒன்று கிடந்தது. அதன் பெல்ட்டை உருவிக்கொண்டு ஓடிவந்தேன். பத்தாக எட்டு நிமிடம்.

என் அப்பா மர அறுவை மில்லில் கூலி. நானும் அங்கே தூள் அள்ளியவள்தான். வழுக்கக் கூடாதென்று பெல்ட்டை எட்டுப் போலக் குறுக்காக மாற்றிப் போடுவார்கள். பார்த்துப் பழகிய கை, இதையும் அப்படியே மாட்டிவிட்டது.

பிளக்கைச் சொருகியதும் உருளை சுற்றியது. நாத்தனார் சிரித்தேவிட்டாள். அடுத்த நொடி, உள்ளே அள்ள வேண்டிய குப்பையை முன்னால் நின்ற அவள் காலிலேயே வாரி இறைத்தது.

"மரத்தூள் அள்ளுன புத்தி போகுமா? தலைகீழா சுத்துது பாருங்க."

"வாயை மூடிட்டு இதைப் பிடி."

பிளக்கைப் பிடுங்கி மறுபடி திறந்தேன். குறுக்கை எடுத்து நேராகப் போட்டேன். வியர்வையில் பெல்ட் வழுக்கியது. மூடியை அழுத்தும்போது உள்ளே பெல்ட் மறுபடி புரண்டது போலிருந்தது. மூன்று ஸ்க்ரூ முடுக்கி முடித்ததும் கதவு திறந்தது. நாலாவதை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு எழுந்தேன்.

சூப்பர்வைசர் மூக்கைச் சுளித்தார். "என்னம்மா நாத்தம்?"

"வெளியில ஏதோ எரிக்கிறாங்க சார்" என்றாள் நாத்தனார், கண் இமைக்காமல். பொய் சொல்வதில் எங்கள் வீட்டிலேயே அவள்தான் கெட்டி.

"சரி, எங்க ஓட்டு பார்ப்போம்."

அவள் பிளக்கைச் சொருகிவிட்டு என்னைப் பார்த்தாள். "போடவா அண்ணி?"

உருளைக்கு முன்னால் கம்பளத்தில் குஞ்சத்தின் சிவப்பு நூல் ஒன்று கிடந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி அவருடைய ஷூ, பாலிஷ் போட்டுப் பளபளவென்று. ஸ்க்ரூ உள்ளங்கையில் குத்திக்கொண்டேயிருந்தது. தலையை ஆட்டினேன்.

அவள் காலால் பொத்தானை மிதித்தாள். நூலின் ஒரு நுனி மெல்ல எழுந்தது.