வளையல் தடம்

நூலகத்தின் இரும்புக் கதவில் காவலாளி அறிவிப்பை ஒட்டிக்கொண்டிருந்தார். நோய் பரவுவதால் மறு அறிவிப்பு வரும்வரை மூடப்படுகிறது. பசை போதாமல் காகிதத்தின் ஒரு மூலை எழும்பி எழும்பி நின்றது.

"எடுத்த புத்தகம் இருந்தா இப்பவே கொடுத்துடுங்கம்மா."

"நான் எடுக்கறதில்லையே."

"அதுவும் சரிதான்," என்றார். முகக்கவசத்துக்குள் சிரித்தாரா என்று தெரியவில்லை.

அவள் எடுத்ததுமில்லை, படித்ததுமில்லை. மதிய வேலைகள் முடிந்ததும் கிளம்பி வந்து, கடைசி வரிசையில் மின்விசிறிக்குக் கீழே, கைக்குக் கிடைத்த புத்தகத்தைப் பிரித்து வைத்து, கையை மடக்கி அதன்மேல் தலை சாய்த்துக்கொள்வாள். தூக்கம்கூடப் பெரிதில்லை. அங்கே யாருக்கும் அவளிடம் எதுவும் கேட்கத் தோன்றாது. அந்த ஒரு மணி நேரத்தில் தனக்குள் யாரோ மெல்ல எழுந்து உட்காருவதுபோல் இருக்கும். சும்மா உட்காரப் போகிறேன் என்றால் எந்த வீட்டில் விடுவார்கள்? படிக்கப் போகிறேன் என்றால் அதற்கு ஒரு மரியாதை.

ஊரே வீட்டுக்குள் அடங்கியது. கணவன் சாப்பாட்டு மேசையில் கணினியை விரித்தான். மாமியாரின் நாற்காலி கூடத்தின் நடுவுக்கு நகர்ந்தது. தொலைக்காட்சி இறந்தவர்கள் கணக்கையே ஓதிக்கொண்டிருக்க, ஒரு சாயங்காலம் மாமியார் அதை அணைத்தார்.

"இவ்வளவு நாளா போய்ப் படிச்சியே. அதுல ஒண்ண எடுத்து விடு, கேப்போம்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். குட்டு உடைந்தால், நூலகம் திறந்தாலும் தனக்குத் திறக்காது. வாய்க்கு வந்ததைச் சொன்னாள். கடலோரத்து ஊர், ஒரு தையல்காரி, அவளுக்கு ஒரு தம்பி. சாயங்காலம்தோறும் கதை வளர்ந்தது. யாரிடமும் சொல்லாத தன் கோபம் ஒன்றைத் தூக்கித் தையல்காரியின் வாயில் வைத்தாள். அது அங்கே அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது.

அந்தத் தைரியத்தில்தான், தையல்காரி கூடப்பிறந்தவர்களே இல்லாதவள் என்று வாய் தவறியது.

கணவன் கணினியிலிருந்து நிமிர்ந்தான். "தம்பி ஒருத்தன் இருந்தானே, அவனுக்கும் காய்ச்சலா? நீ நிஜமாவே அங்க படிச்சியா, இல்ல..."

"இது வேற புத்தகம்டா," என்றார் மாமியார். "அரைகுறையா காதுல வாங்கிட்டு நியாயம் கேக்க வந்துட்டான். உன் வேலையப் பாரு."

அவன் அடங்கினான். அவள் சமையலறைக்குள் போய் நின்றாள். பின்னாலேயே மாமியார் வந்தார்.

"அத்தை, அது வந்து..."

"அங்கேருந்து வரப்பல்லாம் உன் கன்னத்துல வளையல் தடம் இருக்கும். புத்தகம் கன்னத்தையா கடிக்கும்?"

இத்தனை நாளும் அதைப் பார்த்துக்கொண்டேதான் வாசல் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்.

"நூலகம் தொறந்ததும் சொல்லு. நானும் வரேன்."

பகீரென்றது. இந்த நேரத்திலும் அந்த ஒரு மணி நேரத்தைக் கைக்குள் பொத்திக்கொள்ளத் தோன்றியதில் அவளுக்கே வெட்கமாக இருந்தது. அது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"பக்கத்துல உக்கார மாட்டேன்டி. பேசவும் மாட்டேன். நீ கடைசி வரிசைன்னா நான் முதல் வரிசை. வெளிய வந்தப்புறம் மாமியார் மருமக."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"முதல் வரிசைல காத்து வராது அத்தை. ஃபேனுக்குக் கீழ ரெண்டு நாற்காலி இருக்கு."

"அது அப்ப பாத்துக்கலாம். முதல்ல நாளைக்கு அந்தத் தம்பிய எங்கேருந்தாவது கூட்டிட்டு வந்து சேரு. தினமும் நானே சமாளிக்க முடியாது."