ஏழு மணித் தூசி

அன்று காலை தச்சர் சொன்ன எண் நூற்றெண்பத்து நான்கு.

"காதுக்கடை அக்கா, ஃபேக்டரிக்குப் பின் தெருவிலேருந்து பேசுறேன். மணி ஏழு. தூசி நூத்தி எண்பத்தி நாலு. நேத்து நூத்தி எழுபதுதான். வீட்டுல இவளுக்கு விடியறப்போ நல்ல இழுப்பு. ஓவர்."

"குறிச்சுக்கிட்டேன் தம்பி. நூத்தி எண்பத்தி நாலு. அடுத்து யாரு?"

காதில் மாட்டும் கேட்புக் கருவிகளைப் பழுது பார்க்கும் கடை அவளுடையது. அதனால் அமெச்சூர் வானொலிக் கிளப்பில் அவளுக்குக் காதுக்கடை என்று பெயர் விழுந்து, சொந்தப் பெயர் லைசன்ஸில் மட்டும் மிஞ்சியிருந்தது. கடையின் பின்மேசையில் ஒரு கை ரேடியோவும் ஒரு பழைய கம்ப்யூட்டரும் உண்டு. இரண்டு கிலோமீட்டர் தள்ளி, பலகை செய்யும் தொழிற்சாலையின் தண்ணீர்த் தொட்டி உச்சியில் கிளப்பின் ரிப்பீட்டர் இருந்தது. முப்பது சொச்சம் உறுப்பினர்களின் கை ரேடியோக்கள் நாலு தெருவைத் தாண்டினாலே மூச்சு வாங்கும். ரிப்பீட்டர் உயரத்திலிருந்து அவற்றைக் கேட்டு, அந்த நொடியே இன்னொரு அலைவரிசையில் ஊர் முழுக்க உரக்கச் சொல்லிவிடும். அதை ஆட்டிவைக்கும் உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டருக்குள் அவள் கடையிலிருந்தபடியே நுழைவாள். ஒலிபரப்பின் வலுவை ஏற்றலாம், இறக்கலாம், அணைக்கலாம். யார் எப்போது பேசினார்கள், பேட்டரி எப்படி இருக்கிறது எல்லாம் திரையில் தெரியும். ரிப்பீட்டரின் லைசன்ஸ் அவள் பெயரில்தான்.

இடம் வாங்கித் தந்தது அவளுடைய அண்ணன். தொழிற்சாலையில் பராமரிப்பு சூப்பர்வைசர், கிளப்புக்கும் அவன்தான் தலைவர். பெட்டியைத் தோளில் கட்டிக்கொண்டு இரும்பு ஏணியில் ஏறியவனும் அவனே.

தச்சர் தூசி அளக்க ஆரம்பித்து மூன்று மாதமாகிறது. மனைவிக்கு மூச்சுத் திணறல் கூடியதும், சின்ன மின்விசிறியும் சென்சாரும் வாங்கி, தானே ஒரு கருவி செய்தார். ஆணி ஒன்றுகூட இல்லாமல், பல்லோடு பல் கோத்து, மெருகேற்றிய மரப்பெட்டி. தூசிக்கு இத்தனை அழகான வீடு தேவையா என்று எல்லோரும் கேலி செய்தார்கள். அலமாரி செய்ய அவர் வாங்கும் பலகையும் அதே தொழிற்சாலைப் பலகைதான். ஆனாலும் ரேடியோவில் அவர் அதன் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. நேரமும் எண்ணும் சொல்வார், வீட்டு விசேஷம் ஒரு வரி, அவ்வளவுதான்.

மதியம் அண்ணன் கடைக்கு வந்தான். ஒரு பெரியவர் அப்போதுதான் சரிபார்த்த கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"அந்தத் தச்சனை நிறுத்தச் சொல்றாங்க," என்றான் அண்ணன்.

"யாரு சொல்றா?"

"மேனேஜர். ஒரு ரேடியோ வாங்கி ரூம்ல வெச்சுக்கிட்டு தினம் ஏழு மணிக்குக் கேக்குறாரு."

"பரவாயில்லையே, நமக்கு நேயர்கள் கூடுறாங்க."

"விளையாடாத. அவன் பேசுறது நின்னாத்தான் தொட்டி மேல நமக்கு இடம். இல்லைன்னா கழட்டிக்கிட்டுப் போகச் சொல்லிட்டாரு." அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "சண்டையெல்லாம் வேணாம். அவன் ஆரம்பிச்சதும் நீ இங்கேருந்தே டிரான்ஸ்மிட்டரை அணைச்சுடு. அரை நிமிஷம். சிக்னல் போச்சுன்னு நினைச்சுப்பான்."

"கம்ப்யூட்டர் எழுதி வெக்கிற லாக்ல விழும் அண்ணா. ஏழு மணி ஒரு நிமிஷத்துக்கு அணைச்சது யாருன்னு என் பேரோட விழும்."

"அழிச்சுடு."

"அழிச்சதும் விழும்."

"நீ எழுதின புரோகிராம்தானே அது?"

"என் லட்சணம் எனக்குத் தெரியாதா? அதனாலதான் அப்படி எழுதினேன்."

பெஞ்சிலிருந்து பெரியவர் குரல் கொடுத்தார். "மெதுவா பேசுங்கம்மா, எனக்கு இப்போ எல்லாம் கேக்குது. அந்தப் பலகை ஃபேக்டரியைத்தானே சொல்றீங்க? எங்க வீட்டு ஜன்னல்ல விரல் வெச்சா கறுப்பா ஒட்டுது."

அண்ணன் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேசையிலிருந்த சின்னத் திருப்புளியை எடுத்து உருட்டிக்கொண்டே சொன்னான்: "எனக்கு இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் பாக்கி இருக்கு. உன் அண்ணிக்கு நான் என்ன பதில் சொல்றது? நமக்கு இது பொழுதுபோக்கு. பொழுதுபோக்குக்காக யாராவது சோத்துல கை வெப்பாங்களா?"

"அவரு யாரையும் குத்தம் சொல்லலையே. ஒரு நம்பர் சொல்றாரு."

"அந்த நம்பர்தான் குத்துது," என்று எழுந்து போனான்.

மறுநாள் காலை ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே அவள் கட்டுப்பாட்டுப் பக்கத்தைத் திறந்து வைத்தாள். சிவப்புப் பொத்தான் ஓரத்தில் இருந்தது. ராத்திரி முழுக்க அண்ணன் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைத்தவன். அவன் பிழைப்பில் தன் கையாலேயே மண்ணைப் போடுவதா? அரை நிமிடம்தானே. அம்புக்குறி பொத்தானின் மேல் போய் நின்றது.

"காதுக்கடை அக்கா. மணி ஏழு. தூசி இருநூத்திப் பதினொண்ணு. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிட்டு இருக்கோம். ஓவர்."

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு கணம் வெட்கமாக இருந்தது. பிறகு அந்த வெட்கமே கோபமாகத் திரண்டது. இந்த மனுஷன் மனைவியை மூச்சுத் திணறத் திணறக் கூட்டிக்கொண்டு போகிறபோதும் எண்ணைச் சொல்லிவிட்டுப் போகிறார். நான் பொத்தானைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"இருநூத்திப் பதினொண்ணு. சரியா கேட்டேனா தம்பி?"

"சரிதான் அக்கா."

"இந்த நேரத்துல சில பேரு ரேடியோ பக்கத்துலயே உக்காந்து கேக்குறாங்களாம். அவங்க காதுல விழாம போயிடக் கூடாது. இன்னொரு தடவை சொல்றேன். இருநூத்திப் பதினொண்ணு."

எட்டே முக்காலுக்குத் திரையில் மஞ்சள் கோடு ஒன்று ஓடியது: மின்சாரம் இல்லை, பேட்டரியில் இயங்குகிறது, 12.7 வோல்ட். தொலைபேசி அடித்தது. அண்ணன் குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"ஆள் அனுப்பித் தொட்டிக்குப் போற வயரைப் பிடுங்கிட்டாங்க. முடிஞ்சு போச்சுன்னு நினைச்சு மேனேஜர் ரேடியோவையும் அணைச்சுட்டாரு. உள்ள பேட்டரி இருக்கறது அவங்களுக்குத் தெரியாது."

"நீ சொல்லலையா?"

"அவங்க கேக்கலை," என்று வைத்துவிட்டான்.

அவள் கடைக் கதவைப் பாதி இறக்கினாள். இருபத்தைந்து வாட்டிலிருந்து ஐந்து வாட்டுக்கு ஒலிபரப்பைக் குறைத்தாள். ரிப்பீட்டர் பெட்டிக்குள்ளிருந்த மின்விசிறியை நிறுத்தினாள். இப்படிச் சிக்கனமாக ஓட்டினால் நாலைந்து மணி நேரம் தாங்கும். பிறகு ரேடியோவை எடுத்தாள்.

"எல்லாருக்கும் சொல்றேன். நம்ம ரிப்பீட்டருக்குக் கரண்டைப் பிடுங்கிட்டாங்க. ஒரு நம்பரைப் படிச்சதுக்காக. பேட்டரி இருக்கற வரைக்கும் அஞ்சு வாட்டுல இது ஓடும். காலைப் புகையைப் பத்தி யாருக்காவது சொல்ல இருந்தா சொல்லுங்க. கேள்விப்பட்டது வேணாம். கண்ணால பார்த்தது மட்டும். சுருக்கமா."

யாரும் வரவில்லை. மூன்று நிமிடம், நான்கு நிமிடம். நல்ல ஜனங்கள், நல்ல கிளப் என்று மனதுக்குள் வைதுகொண்டாள்.

அப்புறம் பள்ளி வேன் ஓட்டுபவர் வந்தார். "எனக்குப் பேசத் தெரியாது அக்கா. அந்த ரோட்டுல காலைல ஹெட்லைட் போட்டுத்தான் போறேன். மூணு மாசமா. பனிக்காலம்கூட இல்லை. அவ்வளவுதான்."

அவர் முடித்ததும் ஒரு நர்ஸ். "எங்க கிளினிக்ல மூச்சுக்கு மருந்துப் புகை வெக்கிற மெஷின் ஒண்ணுதான். இன்னிக்குக் காலைல அதுக்கு ஏழு பேர் வரிசை. நம்ம தம்பி வீட்டம்மாவும் உக்காந்திருக்காங்க. இப்போ பரவாயில்லை."

அடுத்து வந்த குரலைக் கேட்டதும் அவளுக்குத் திக்கென்றது. கிளப்பே புகார்ப்பெட்டி என்று அழைக்கும் ஆள் அவர். ஐந்து வருடமாக ஒலி சரியில்லை, இரைச்சல் அதிகம், அடிக்கிறது, தேய்கிறது என்று குறை மட்டுமே சொல்பவர்.

"அஞ்சு வாட்டுக்கு ஒலி சுமார்தான்," என்று ஆரம்பித்தார். "அது கிடக்கட்டும். எங்க வீட்டுல ஒரு வெள்ளை நாய் இருந்துச்சு. இப்போ சாம்பல் நாய். குளிப்பாட்டின மறுநாளே சாம்பல். யார்கிட்ட புகார் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன். ஓவர்."

கடைவாசலில் குனிந்து உள்ளே வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து கேட்கத் தொடங்கினார்கள். அவள் நேரத்தையும் பெயரையும் நோட்டில் எழுதிக்கொண்டே வோல்ட்டைப் பார்த்தாள். 12.1. பகல் பன்னிரண்டுக்கு 11.8. பதினான்கு பேர் பேசியிருந்தார்கள். வருடக் கூட்டத்துக்குக்கூட வராத நாலு பேர் அதில் உண்டு.

ஒரு மணிக்கு 11.5. யாரோ ரேடியோவை அழுத்தினார்கள். திரையில் சிக்னல் வலுவைக் காட்டும் முள் கடைசிக் கோட்டில் போய் முட்டி நின்றது. அவ்வளவு பக்கத்திலிருந்து பேச ஊரில் ஒரே ஒருவனால்தான் முடியும்.

"கிளப் தலைவர் பேசுறேன்," என்றான் அண்ணன். பின்னால் அறுவை இயந்திரம் கத்தியது. "தொட்டிக்கு அடியில நிக்கிறேன். தம்பி, கேக்குறியா?"

"கேக்குறேன் சார்," என்றார் தச்சர்.

"உன் பெட்டி சரியாத்தான் அளக்குது. இங்க புகைபோக்கிக்குக் கீழ தூசி பிடிக்கிற ஃபில்டர் ஒண்ணு இருக்கு. அதுக்குப் பெரிய ஃபேன். விடியக்காலை நாலு மணிலேருந்து எட்டு மணி வரைக்கும் அதை நிறுத்தி வெக்கிறாங்க, கரண்டு மிச்சம் பண்ண." குரல் நின்றது. முள் மட்டும் கீழே இறங்காமல் நின்றது. "நிறுத்துறாங்கன்னு சொல்றேன் பாரு. நிறுத்துறது நான்தான். மூணு மாசமா நாலு மணிக்கு அந்த ஸ்விட்ச்ல இருக்கறது என் கை. எட்டரை மணிக்கு ஒரு தடவை அளந்து பாரு, பாதியா இறங்கியிருக்கும். நாளைலேருந்து நிறுத்த மாட்டேன். என்ன பண்ணுவாங்களோ பண்ணிக்கட்டும். ஓவர்."

பெஞ்சில் இருந்தவர்கள் அவளையே பார்த்தார்கள். ரேடியோவில் அவள் அவனை ஒருநாளும் உறவுமுறை சொல்லி அழைத்ததில்லை.

"அண்ணா," என்றாள். "முழுசா கேட்டுச்சு. எழுதிக்கிட்டேன்."

11.3. பதினொன்று புள்ளி இரண்டு வந்தால் கம்ப்யூட்டர் தானாகவே எல்லாவற்றையும் மூடிவிடும். அதுவரை விட அவளுக்கு மனமில்லை.

"நேரம் ஒண்ணு இருபது. பேசின எல்லாருடைய வார்த்தையும் ரெக்கார்ட் ஆகியிருக்கு. இப்போ ரிப்பீட்டரை மூடுறேன். கரண்டைப் பிடுங்கினது அவங்களா இருக்கலாம். மூடுறது நான். திரும்பத் திறக்கறதும் நான்தான்."

சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். நிச்சயமா என்று கேட்டது. ஆமாம் என்றாள்.

அண்ணனுக்கு மூன்றாம் நாளே வேலை போயிற்று. சொன்னபடி இரண்டு விடியற்காலைகள் அவன் ஸ்விட்சைத் தொடவில்லை. கணக்குத் தீர்த்துக்கொண்ட கையோடு, யாரையும் கேட்காமல் ஏணியில் ஏறி, ரிப்பீட்டரையும் ஆன்டெனாவையும் இறக்கிக் கொண்டுவந்தான். கம்பெனிப் பொருளா என்று வாசலில் மேனேஜர் மறித்தார். லைசன்ஸ் நகலை நீட்டினான். காவலாளி பையைச் சோதிக்கவில்லை, கேட்டை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்துவிட்டார்.

பதினாறு பேர் கையெழுத்திட்டு, தச்சரின் தொண்ணூறு நாள் எண்களையும் ஒலிப்பதிவையும் சேர்த்து, மாசு கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கொடுத்தார்கள். அதிகாரிகள் பகல் பதினொரு மணிக்கு வந்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார்கள். தச்சர் மரப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர்கள் மேசைக்கே போனார். "பதினோரு மணிக்கு நானும் நல்லாத்தான் இருக்கேன் சார். ஆறு மணிக்கு வாங்க," என்றார். நான்கு முறை போனார். ஐந்தாம் முறை ஓர் அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் விடியற்காலையில் வந்து, அவருடைய பட்டறையில் இழைப்புச் சுருள்களின் நடுவே தன் கருவியையும் வைத்து அளந்தார். இரண்டு கருவிகளும் கிட்டத்தட்ட ஒன்றையே சொல்லின. அடுத்த மாதத்திலிருந்து ஃபில்டர் விசிறி இருபத்துநான்கு மணி நேரமும் ஓடியது. தச்சரின் எண் எண்பதுக்கும் நூறுக்கும் நடுவில் நின்றது. நல்லதென்று சொல்ல முடியாது. ஆனால் அவர் மனைவி படி ஏறினார்.

ரிப்பீட்டரை வேன் ஓட்டுபவர் குடியிருக்கும் நாலுமாடிக் கட்டடத்தின் மேல் வைத்தார்கள். தொட்டியின் உயரம் அதற்கு வருமா? ஊரில் மூன்றில் ஒரு பங்குக்கு எட்டவில்லை. புகார்ப்பெட்டியின் வீடும் அதில் சேர்ந்ததால், அவர் தினமும் தொலைபேசியில் கூப்பிட்டுத் திட்டினார். அண்ணன் காதுக்கடையில் உட்கார்ந்து, உளுந்து அளவு பாகங்களைப் பூதக்கண்ணாடி வைத்துச் சபித்துக்கொண்டே பற்றவைத்தான். அண்ணி அவளோடு பேசுவதில்லை. தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவாள்.

மழைக்காலம் முடிந்ததும் தொழிற்சாலையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தொட்டியை மீண்டும் பயன்படுத்திக்கொள்ளலாம், மின்சாரமும் தருகிறோம், நிறுவனத்தின் நற்பெயரைப் பாதிக்கும் உரையாடல்கள் இடம்பெறாது என்று எழுதித் தந்தால் போதும் என்றிருந்தது.

அவள் படித்துவிட்டு அண்ணனிடம் தள்ளினாள். "பதில் நீயே எழுது. கிளப் தலைவர் நீதானே."

அவன் நெடுநேரம் யோசித்து மூன்று வரி எழுதினான். தங்கள் கடிதம் கிடைத்தது. நன்றி. இப்போதுள்ள இடமே எங்களுக்குப் போதும்.

"நன்றி எதுக்கு?" என்றாள்.

"ஒரு மரியாதைக்குப் போட்டேன்."

அவள் பேனாவை வாங்கி அந்த ஒரு வார்த்தையை அடித்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்கூடப் படிக்க முடியாதபடி அழுத்தி அடித்தாள். வேறு தாளில் நகலெடுக்கலாமே என்று அண்ணன் கேட்டதற்கு, "இப்படியே போகட்டும்," என்று உறையில் போட்டு ஒட்டினாள்.