ஒன்றரைக் கட்டை இறக்கம்

"எனக்கு ரெண்டு கட்டை இறக்கிக் குடும்மா. சுருதி மட்டும்தான் இறங்கணும், வேகம் அப்படியே இருக்கணும். முக்கியமா, இறக்கினது வெளியில தெரியக்கூடாது" என்று அந்த ஓய்வுபெற்ற அதிகாரி மேசைமேல் கவிழ்ந்து ரகசியம் பேசினார். அடுத்த வாரம் பழைய சகாக்கள் முன்னால் பாடப்போகிறாராம். உச்சத்தில் தொண்டை கீச்சிட்டு மானம் போய்விடக்கூடாது. அவள் தலையாட்டிவிட்டுத் திரையில் ஒரு எண்ணை மாற்றினாள். பாட்டு பெட்டிப்பாம்பாய் இறங்கி வந்து அவர் தொண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. மனுஷருக்கு முகமெல்லாம் பல்.

எட்டாதவர்களுக்குச் சுருதியை இறக்குவது, ஆண்டுவிழாவில் ஆடும் பிள்ளைகளுக்கு வேகத்தைக் குறைப்பது. அந்தப் பாட்டுப்பதிவுக் கடையில் இதுதான் அவள் வேலை. இயற்பியல் பட்டதாரி. அவள் வீட்டில் பட்டம் என்று ஒன்றை வாங்கிய முதல் ஆள். அதை மறக்கவிடாமல் கடைக்காரர் அவளை "டிகிரி" என்றே கூப்பிடுவார். "டிகிரி, ஃபேனைப் போடு. டிகிரி, போனை எடு." போனை எடுத்தால் எதிர்முனையில் "சார்" என்பார்கள். அவளுக்குக் கட்டைக்குரல். பள்ளிக்கூடத்தில் சேர்ந்து பாடும்போது வாயை மட்டும் அசைக்கச் சொல்லி நிற்கவைத்த குரல். அம்மா குரல் வந்திருக்கக்கூடாதா என்று சொந்தக்காரர்கள் அவள் எதிரிலேயே பெருமூச்சு விடுவார்கள்.

அம்மா குரல் என்றால் அந்த ஒரு கேசட். அவளுக்கு ஐந்து வயதில் அம்மா போய்விட்டாள். போவதற்கு எட்டு மாதம் முன்னால், மகளைத் தூங்கவைக்க அம்மாவே கட்டிய பாட்டை அப்பா டேப்பில் பிடித்திருந்தார். கதவு சாத்தியாச்சு, விளக்கு அணைச்சாச்சு, கண்ணுக்குட்டி இன்னும் ஏன் முழிச்சிருக்கு என்று போகும். கம்பி போல மெல்லிய குரல். போகப்போக இன்னும் ஏறும். "கடைசியில எங்க கொண்டுபோய் நிறுத்துறா பாரு" என்பார் அப்பா, என்னமோ தானே ஏற்றிவிட்டதுபோல. டேப்பில் நடுவில் ஓரிடத்தில் அப்பா "சீக்கிரம் பாடு, பேட்டரி போயிடும்" என்பார். அம்மா களுக்கென்று சிரிப்பாள். பதினேழு வருஷமாக அந்த இடம் வரும்போதெல்லாம் அப்பாவும் கூடச் சிரிப்பார். அதற்குமுன்பே உதட்டைத் தயாராக வைத்துக்கொள்வார்.

லேத்துப் பட்டறை அப்பாவின் காதைத் தின்றுவிட்டது. மெல்லிய சத்தம் எதுவும் விழுவதில்லை. போன வாரம் சாப்பிட்ட தட்டை நகர்த்தாமல் உட்கார்ந்திருந்தார்.

"பாப்பா, உங்கம்மா குரல் இப்பல்லாம் எனக்கு விழமாட்டேங்குது. வாத்தியம் மாதிரி என்னமோ கேக்குது, அவ கேக்கல. ஊருக்கெல்லாம் இறக்கிக் குடுக்கிறியே. எனக்கு ஒண்ணு இறக்கித் தா."

அவர் இதுவரை அவளிடம் கேட்ட ஒரே பொருள் அது.

அதிகாரி போனதும் மதிய இடைவேளையில், கேசட்டிலிருந்து கணினியில் ஏற்றிவைத்திருந்த அந்தப் பதிவைத் திறந்தாள். ஒன்றரைக் கட்டை இறக்கினாள். ஹெட்போனில் பாடியது அம்மா இல்லை, அவளே. அதே தடிப்பு, அதே அடித்தொண்டைக் கரகரப்பு. கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். ஏதோ தப்பு என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு திரையைப் பார்த்தாள். குரலின் அலைகளுக்கு நடுவே, நிறுத்தும் இடங்களில், ஒரே சீராகச் சின்னச் சின்ன முட்கள். சுவர்க்கடிகாரம். இன்றும் வீட்டில் ஓடுகிற அதே கடிகாரம். நொடிக்கு ஒரு முள். எண்ணினாள். அறுபது முள்ளுக்கு ஐம்பதே நொடி. பாட்டின் கடைசியில் நாற்பத்தேழு.

அப்பா எத்தனையோ தடவை வேடிக்கையாகச் சொன்ன கதை அது. "ஒரே ஒரு புது பேட்டரி இருந்துச்சு. அதைக் கடிகாரத்துக்குப் போட்டுட்டு, அதுல இருந்த பழசையும் வீட்ல கிடந்ததையும் டேப்புக்குப் போட்டேன்." சாகக்கிடந்த பேட்டரியில் டேப் ஊர்ந்துகொண்டே பதிந்திருக்கிறது. பிறகு நல்ல பேட்டரியில் போட்டபோது எல்லாம் ஓட்டமெடுத்துக் குரல் மெலிந்துவிட்டது. பேட்டரி சாகச்சாக அம்மா உச்சத்துக்கு ஏறியிருக்கிறாள். கேட்டுக் கேட்டு, கூடப் படுத்து எழுந்த மனுஷனுக்கே நிஜக்குரல் மறந்து டேப்புக்குரல் தங்கிவிட்டது.

கடிகாரம் சரியாக அடிக்கும்வரை வேகத்தை இடம் இடமாகக் குறைத்துக்கொண்டே வந்தாள். படித்த படிப்புக்கு முதல் தடவையாக ஒரு வேலை. குறைத்து முடித்துக் கேட்டாள்.

அம்மா பாடவில்லை, இழுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வரிக்கும் நடுவில் மூச்சு வாசற்படி ஏறுவதுபோல ஏறி வந்தது. "சீக்கிரம் பாடு, பேட்டரி போயிடும்" என்று ஒரு தடித்த ஆண்குரல் அதட்டியது. அதன்பின் சிரிப்பு வரவேண்டும். வரவில்லை. அந்த இடத்தில் அம்மா, யாருக்கும் தொந்தரவில்லாத குரலில், "முடியலங்க" என்றாள். பிறகு மிச்சத்தையும் பாடினாள்.

"டிகிரி, என்ன பேயைப் பாத்தியா?" என்றார் கடைக்காரர்.

"ஒண்ணுமில்லண்ணே."

ஒரே வாரத்துல போயிட்டா, அதுவரைக்கும் ஒரு தும்மல்கூடக் கிடையாது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாரே இந்த மனுஷன். எட்டு மாதம் முன்னாலேயே அவளுக்கு முடியாமல் இருந்திருக்கிறது! காது நன்றாக இருந்த காலத்தில், ஒரு முழம் தள்ளி நின்று, காதில் விழவில்லை. பேட்டரியைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார். வீட்டுக்குப் போனதும் ஹெட்போனை அவர் தலையில் மாட்டி, கேளு, நல்லா கேளு என்று கத்தவேண்டும்போல இருந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தும் நின்றாள். அப்போது அந்த உதடு நினைவுக்கு வந்தது. சிரிப்புக்கு முன்னாலேயே தயாராகிற உதடு. அவரிடம் வேறு என்ன இருக்கிறது?

உட்கார்ந்தாள். அதிகாரிக்குச் செய்ததையே செய்தாள். சுருதியை மட்டும் இறக்கினாள். வேகத்தை அப்படியே விட்டாள். குரல் அம்மாவுடையது, மூச்சு மட்டும் பொய். சிரிப்பு சிரிப்பாகவே இருந்தது. இரண்டையும் போனில் ஏற்றிக்கொண்டாள். நிஜத்தை அழிக்கக் கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பா முகம் கழுவி, சட்டைகூட மாற்றிக்கொண்டு கடிகாரத்துக்குக் கீழே உட்கார்ந்தார். அவள் ஹெட்போனை மாட்டிவிட்டு, போனில் சுருதி மட்டும் இறக்கிய பதிவைத் தொட்டாள்.

"யாரு, நீ பாடினியா?" காதில் மாட்டியிருந்ததால் கத்தினார்.

அவள் இல்லையென்று தலையசைத்தாள்.

அவர் வாய் திறந்தபடி இருந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். "ஆமா. இப்படித்தான். பின்கட்டுலேருந்து கூப்பிட்டா தெருவே திரும்பும். நான் எப்படிப் பாப்பா மறந்தேன்?" மோவாயிலிருந்து தண்ணீர் சொட்டிச் சட்டையில் விழுந்தது. துடைக்கவில்லை.

அந்த இடம் நெருங்கியது. உதடு தயாரானது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது விரியவில்லை. பாதியில் நின்றது. அவர் ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"பாப்பா, அந்த இடத்துல சிரிக்கலையே. என்னமோ சொல்றா."

"பழைய டேப்புப்பா. அப்படித்தான் கேக்கும்."

"இல்ல, சொல்றா. இன்னும் கொஞ்சம் மெதுவா வை."

திரையில் முதல் பதிவுக்கு அடியிலேயே இரண்டாவது இருந்தது. கட்டைவிரலை ஒரு விரற்கடை இறக்கினால் போதும். இறக்கினாள், ஆனால் தொடவில்லை. மேலே கடிகாரத்தின் சிவப்பு முள் ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தது.

அப்பா கண்ணைத் திறந்து அவள் முகத்தைப் பார்த்தார். இத்தனை மெதுவாக அவர் பேசி அவள் கேட்டதேயில்லை.

"என்னம்மா, முடியலையா?"