மூன்றாவது கோப்பை

லுத்விகாவுக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். செத்துப் போனவள். செத்தவளோடு எப்படிச் சண்டை போடுவது?

கணவன் யாசெப் மின்ஸ்கில் பெயர்போன நாவலாசிரியர். போருக்குப் பிறகு எழுதிய ஐந்து நாவல்களிலும் ஸ்தெஃபா என்ற அந்தக் கொரில்லாப் படை நர்ஸ்தான் வந்தாள். பெயரை மட்டும் மாற்றுவார். பனி தின்று பாதி போன அவளுடைய இடது காது மடல் மாறாது. காலில் குண்டு பட்டவளை நாயகன் சதுப்புக்காடு முழுக்க முதுகில் சுமப்பான்; அந்த நாயகன் தான்தான் என்பார் யாசெப். அவன் தோளிலேயே அவள் உயிர் போகும். படிக்கிறவர்கள் மூக்கைச் சிந்துவார்கள். அத்தனையையும் தட்டச்சு செய்து கொடுத்தவள் லுத்விகா. தன்னைப் பற்றி ஒரு வரி வராதா என்று பார்த்துப் பார்த்துக் கண் பூத்ததுதான் மிச்சம். 'என்னை ஒரு நாளாவது கைபிடிச்சு டிராம்ல ஏத்தி விட்டிருப்பாரா இந்த மனுஷன்?' என்று வயிறெரிவாள்.

பலேசியே சதுப்புநிலப் பக்கம் ஒரு கூட்டுப்பண்ணையில் வாசகர் சந்திப்பு. பேச்சு முடிந்து விருந்து தொடங்கியது. உப்பு எடுக்கச் சமையற்கட்டுக்குப் போன லுத்விகா வாசலிலேயே நின்றுவிட்டாள். உருளைக்கிழங்கு அடை சுட்டுக்கொண்டிருந்த பருத்த பெண், வெக்கை தாங்காமல் தலைத்துண்டை அவிழ்த்திருந்தாள். இடது காது மடலில் பாதி இல்லை. நிற்பதும் ஒரு காலைச் சாய்த்துத்தான்.

"ஸ்தெஃபா..."

"மெதுவா பேசு தங்கச்சி. நீதான் அவன் பொண்டாட்டியா?"

"உங்களை அவர் முதுகுல சுமந்தாரே..."

"எங்க சுமந்தான்? 'தண்ணி கொண்டாரேன்'னு போனான். இன்னும் கொண்டாந்துகிட்டே இருக்கான்." வயிறு குலுங்கச் சிரித்தாள். "மாடு தேடி வந்த ஒருத்தி என்னை இழுத்துட்டுப் போய்க் காப்பாத்தினா. நீ யார்கிட்டயும் சொல்லிடாத. எம் புருஷன் எனக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்ல. இவனாவது அழுதுட்டுப் போறான்."

லுத்விகா மேசைக்குத் திரும்பினாள். சொன்னால் கணவன் மானம் போகும். சொல்லாவிட்டால் ஆறாவது நாவலையும் தட்டச்சு செய்ய வேண்டும்.

அந்த ஊர் விருந்து வழக்கப்படி மூன்றாவது கோப்பை மது செத்தவர்களுக்கு. எல்லோரும் எழுந்தார்கள். இந்தக் கோப்பையை மட்டும் யாரும் யாரோடும் மோத மாட்டார்கள், மோதுவது உயிரோடிருப்பவர்களுக்கு.

"என் தோள்ல உசுரை விட்ட ஸ்தெஃபாவுக்கு," என்று தழுதழுத்தார் யாசெப்.

"அட, நம்ம சமையக்காரம்மா பேரும் அதுதான்!" என்றார் பண்ணைத் தலைவர். "வாங்கம்மா, நீங்களும் ஒண்ணு எடுங்க."

தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவள் வந்தாள். யாசெப் அவளை ஒரு பார்வை பார்த்தார். "அந்தப் பேர்ல ஊருக்குப் பத்துப் பேர் இருப்பாங்க," என்று சொல்லிவிட்டுத் தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டார்.

அவருக்கு அடையாளமே தெரியவில்லை. இவளுக்காகவா இத்தனை வருஷம் வெந்து செத்தேன் என்று லுத்விகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேசையைச் சுற்றிப் போய், ஸ்தெஃபாவின் கோப்பையில் தன் கோப்பையை மோதினாள். அந்த அமைதியில் 'ணங்' என்று கேட்டது.

"புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? மூணாவதை மோதக் கூடாதுடி!" என்று சீறினார் யாசெப்.

"உசுரோட இருக்கறவங்களோட மோதலாம்," என்றாள் லுத்விகா. "அக்கா கேக்கறாங்க, தண்ணி கொண்டாரப் போனீங்களே, என்னாச்சுன்னு."